மூன்றாவது டிரம்மர்

தொண்ணூறுகளின் நடுவில், கேரள எல்லையில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ஒரு வெளிநாட்டு ராக் குழுவுக்கு ரசிகர்கள் இருந்தோம் என்றால் இன்று யாரும் நம்புவதில்லை. இருந்தோம். போதாக்குறைக்கு இரண்டு கட்சியாகவும் இருந்தோம். அந்தக் குழு டிரம்மரை மாற்றிக்கொண்டே இருந்ததுதான் காரணம். முதலாமவர் போனார், இரண்டாமவர் வந்தார், அவரும் போய் மூன்றாமவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் தொடங்கும் சண்டை, அமரவிளையில் சாயா குடித்து முடித்த பிறகும் தீராது.

நான் பழைய டிரம்மர் கட்சி. முதலாமவர் அடித்தால் அடி நெஞ்சில் விழும். மூன்றாமவர் வந்த கேசட்டிலோ எல்லாம் ஓட்டம். டிரம்ஸ் தகர டப்பா மாதிரி கேட்டது, பாடகரின் குரல்கூட மெலிந்து மேலே போயிருந்தது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் அடிக்கிற அடி என்று அந்த மனிதரை நான் திட்டாத நாள் இல்லை. எதிர்க்கட்சிக்கு எங்கள் கிதார்காரன் தலைவன். புது ஆள் வந்ததும் பாட்டுக்கே உயிர் வந்துவிட்டது, ரெக்கார்டிங்கும் புது மாதிரி, உனக்குத்தான் காது பழசு என்பான். அந்தக் கேசட்டோடு சேர்ந்து வாசிக்க அவன் கிதார் கம்பிகளை வழக்கத்தைவிட முறுக்கி ஏற்ற வேண்டியிருந்தது. கம்பி அடிக்கடி அறுந்து கன்னத்தில் அடிக்கும். அந்தக் கீறலையும் பெருமையாகத்தான் காட்டுவான்.

வெறும் வாய்ச்சண்டையாக இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. எங்களுக்கும் ஒரு குழு இருந்தது. சர்ச் வாலிபர்களும் ஆர்ட்ஸ் கிளப் பையன்களும் சேர்ந்தது. அதில் டிரம்ஸ் நான். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு மூன்றாவது டிரம்மரின் பாட்டு ஒன்றை எடுப்பதாக முடிவானது. எனக்கு அந்த வேகம் வரவில்லை. பஸ்ஸில், சாப்பாட்டு மேஜையில், கட்டிலில் எல்லாம் தொடையில் தட்டித் தட்டிப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். முதல் சரணம் வரை ஓடுவேன், அதற்குமேல் பாட்டு என்னை விட்டுவிட்டுப் போய்விடும்.

ஒரு சாயங்காலம் ஒத்திகைக்கு நடுவே கிதார்காரன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“ஒன்னக்கொண்டு ஆவாது மக்கா. வருத்தப்படாத. ஒனக்க கை அந்தப் பழைய ஆளுக்க கையாக்கும்.”

குழு தொடங்கிய நாள் முதல் அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த ஒத்திகைக்குக் கள்ளிக்காடு என்ற ஊரிலிருந்து ஒருவனைக் கூட்டி வந்துவிட்டார்கள். கோயில் செண்டையில் பழகிய கை, வேகம் அவனுக்கு விளையாட்டு. நான் குச்சிகளை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. நம் கை இவ்வளவுதானா என்ற வெட்கம்.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது சவுதியில் நர்ஸாக இருந்த கிதார்காரனின் அக்கா லீவில் வந்தாள். தம்பி கேட்டபடி அதே கேசட்டை, கடையில் பதிவு செய்ததாக இல்லாமல் அசல் கம்பெனி கேசட்டாகவே வாங்கி வந்திருந்தாள். எல்லோரையும் வீட்டுக்கு அழைத்தான், என்னையும். தோற்றவனும் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும் என்ற எண்ணம்தான், வேறென்ன.

பாட்டு தொடங்கியது. மெதுவாக.

கரண்டு குறைவு என்றான் ஒருவன். புது பேட்டரி போட்டார்கள். அப்போதும் மெதுவாகத்தான் பாடியது. வேறு கேசட் போட்டால் சரியாகப் பாடியது. கிதார்காரன் உள்ளே போய் கிதாரை எடுத்து வந்து, முறுக்கிய கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி வழக்கமான சுருதிக்குக் கொண்டுவந்து மீட்டினான். பாட்டோடு அச்சாகப் பொருந்தியது. அந்தப் பாட்டுகளுக்கு நாங்கள் வைத்திருந்த கேசட்டுகள் எல்லாம் நெய்யாற்றின்கரையில் ஒரே கடையில் பதிவு செய்தவை. ஒற்றசேகரமங்கலத்திலிருந்து வந்து எங்களோடு மல்லுக்கு நின்றவர்களின் கேசட்டும் அங்கேதான் பதிவானது. மறுநாள் போய்க் கேட்டதற்கு, ரெக்கார்டிங் மெஷினில் கொஞ்ச நாள் பெல்ட் தளர்ந்து மெதுவாகச் சுற்றியது, பிறகு மாற்றிவிட்டேன் என்று கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை நல்ல செட்டில் போட்டால் வேகமாகத்தானே பாடும்? ஒரு ரப்பர் பெல்ட்டுக்காகத்தான் இத்தனை நாள் கட்சி கட்டியிருக்கிறோம்.

ஆனால் அந்த அறையில் என்னை உலுக்கியது வேறு. என் விரல்கள் எனக்குத் தெரியாமலே முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தன. இழுப்பு இல்லை, மூச்சு வாங்கல் இல்லை. இரண்டாவது சரணமும் போனது, மூன்றாவதும் போனது. நானும் அந்த டிரம்மரும் பிரியவே இல்லை. அவர் அடியும் நெஞ்சில்தான் விழுந்தது. இவரையா அத்தனை திட்டு திட்டினேன் என்று எனக்கு உடம்பு கூசியது.

சாயா கொண்டுவந்த அக்கா கதையைக் கேட்டுவிட்டு, என்னைக் காட்டித் தம்பியிடம் கேட்டாள்.

“அப்பம் இவன் அடிச்சதாக்கும் செரி, இல்லியாலே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டூல் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். சிரிக்கக்கூடத் தயாராகிவிட்டேன்.

கிதார்காரன் கம்பெனி கேசட்டை வெளியே எடுத்தான். பழைய கேசட்டைப் போட்டான். அந்தத் தகர டப்பா ஓட்டம் அறையில் நிறைந்தது. கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, கம்பிகளைத் திரும்ப முறுக்கத் தொடங்கினான்.

“ஒரிஜினலு கொள்ளாது மக்கா. உசிரு இல்ல. நம்ம கேசட்டாக்கும் பாட்டு.”

கள்ளிக்காட்டுக்காரன் ஆமாம் என்றான். என் கட்சிக்காரர்கள் சாயாவை எடுத்துக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் அந்த வேகத்தில்தான் வாசித்தார்கள். விசில் பறந்தது. நான் கூட்டத்துக்குப் பின்னால், கடலை வண்டிப் பக்கம் நின்று கேட்டேன். அந்த மூன்றாவது டிரம்மரையும் என்னையும், கம்பெனி கேசட்டை வெளியே எடுத்த அந்தச் சாயங்காலம், ஒரே அறையிலிருந்துதான் முடிவாக வெளியே அனுப்பினார்கள். அவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.