இடுப்புக் கேஸ் சொர்ணவல்லி

ஆதனக்கோட்டையில் தஞ்சாவூர் ரோட்டோரம் முந்திரி வறுத்து விற்கிறார் சொர்ணவல்லி. வருஷத்தில் ஒரு நாள் அவர் கடை திறப்பதில்லை. அன்று புதுக்கோட்டை எலும்பு ஆஸ்பத்திரியில் பரீட்சை. மேல்படிப்பு முடிக்கப்போகும் டாக்டர்களுக்கு அங்கே நிஜ நோயாளிகளே கேள்வித்தாள். பேசி, தொட்டு, அளந்து, நடக்கவிட்டுப் பார்த்து, என்ன கோளாறு, என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும்.

கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் சொர்ணவல்லியின் இடது இடுப்புக்குள் சீழ் கட்டி, தொடை எலும்பின் பந்து முனை கரைந்துபோனது. ஒரு கால் குட்டை. நடந்தால் உடம்பு இடப்பக்கம் சாயும். பரீட்சைக்கு இதைவிட நல்ல கேஸ் கிடையாது என்பார் ஆஸ்பத்திரி உதவியாளர் சவரியப்பன்.

“இடுப்புக் கேஸ் வந்தாச்சா?”

“வந்து டீயும் குடிச்சாச்சுண்ணே.”

“வியாதிப் பேரைச் சொல்லிப்புடாதீங்க. பிள்ளைங்க கெஞ்சுவாங்க.”

“போன வருஷம் ஒருத்தரு சொன்னா ஒரு கிலோ முந்திரி வாங்குறேன்னாரு.”

“சொல்லிட்டீங்களா?”

“முந்திரிய மட்டும் குடுத்தேன்.”

நடந்து காட்டுவது அவருக்குப் புதிதல்ல. பெண் பார்க்க வந்தவர்களும் முதலில் அதைத்தான் கேட்டார்கள்: “பொண்ணைக் கொஞ்சம் இங்கிட்டு நடக்கச் சொல்லுங்க.” காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. சில வருஷம் கழித்து வந்த தரகர், வயசு போயிருச்சே என்றார். அதே சமயத்தில் ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி சொன்னார்கள். செயற்கை மூட்டு வைக்கலாம். ஆனால் மூட்டு தேயும். இந்த வயதில் வைத்தால் பிறகு திரும்பத் திரும்ப மாற்ற வேண்டி வரும். “ஒங்களுக்கு இன்னும் வயசு இருக்கும்மா. தள்ளிப் போடுவோம்” என்றார் பெரிய டாக்டர்.

அப்படித்தான் பரீட்சைக் கேஸ் ஆனார். படிக்கும் டாக்டர்கள் கட்டில் பக்கத்தில் நின்று, தேர்வாளர்களிடம் இங்கிலீஷில் ஒப்பிப்பார்கள். சொர்ணவல்லிக்கு அதில் ஒரு சொல் மட்டும் பிடிபடும்: யங். அந்தச் சொல் வந்ததும் இந்த வருஷமும் ஆபரேஷன் இல்லை என்று தெரிந்துவிடும். ஊரில் அவரை யாரும் யங் என்று சொல்வதில்லை. கேட்கக் கொஞ்சம் இனிக்கவும் செய்யும்.

அவருக்கு ஆபரேஷன் வேண்டியிருந்தது முளைப்பாரிக்காக. மாரியம்மன் திருவிழாவுக்கு மண்சட்டி ஓட்டில் எருவும் மண்ணும் போட்டு, பயறு தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பவர் அவர். வெயில் படாத பயிர் வெளிர் மஞ்சளாக, முழ உயரம் எழும்பி நிற்கும். அதைத் தலையில் தூக்கி ஊர்வலம் போகிறவள் தம்பி மனைவி ரஞ்சிதா. சாய்ந்து நடக்கிறவர் தலையில் ஓடு நிற்காது. ஒருமுறை வீட்டுக்குப் பின்னால் வெறும் ஓட்டை வைத்து நடந்து பார்த்தார். உடைந்ததைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கோழி தட்டிவிட்டதாகச் சொன்னார்.

இந்த வருஷம் அவர் கட்டிலுக்குப் பரீட்சை எழுத வந்த பெண் ஷீபா. சொந்த ஊர் மீமிசல்.

“கை சில்லுன்னு இருக்கு டாக்டரம்மா. தேச்சுட்டு வைங்க.”

ஷீபா சிரித்துவிட்டாள். டேப் வைத்துக் காலை அளந்தாள்.

“முந்திரி ஒடைக்கயில எப்படி உக்காருவீங்க?”

“இந்தக் காலை நீட்டிக்கிட்டுத்தான்.”

“வலி?”

“முன்ன இல்ல. இப்ப தூக்கத்துல திரும்பிப் படுத்தா முழிப்பு வந்துருது.”

தேர்வாளர்கள் வரும் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. ஷீபா டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். “கால் சரியாச்சுன்னா என்ன செய்யணும்னு ஆசைக்கா?”

“பரீட்சையில இதெல்லாம் கேப்பாங்களா?”

“தெரியலக்கா. நானாத்தான் கேக்குறேன்.”

கோழி மேல் பழி போட்டது உட்பட எல்லாவற்றையும் சொன்னார் சொர்ணவல்லி.

தேர்வாளர்கள் வந்தார்கள். இங்கிலீஷ் ஓடியது. சொர்ணவல்லி அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். வெளிமாநிலத் தேர்வாளர் ஏதோ அதட்டிக் கேட்க, ஷீபா விடாமல் பதில் சொன்னாள். நடுவில் முளைப்பாரி என்று தமிழில் வந்தது. தேர்வாளர் புரியாமல் பெரிய டாக்டரைப் பார்த்தார். கடைசிவரை யங் வரவில்லை.

பரீட்சை முடிந்ததும் பெரிய டாக்டரே வந்து உட்கார்ந்தார். இதே ஆஸ்பத்திரியில் புது ரக மூட்டு வைத்தவர்களை வருஷாவருஷம் வரவழைத்து, எக்ஸ்ரே எடுத்து, நடக்கவிட்டுப் பார்த்து வருகிறார்களாம். பயந்த அளவுக்கு அது தேயவில்லையாம்.

“அந்தப் பொண்ணு அதத்தான் சொல்லுச்சு. வலியும் வந்துருச்சு. இனிமே தள்ளிப் போட வேணாம். அடுத்த மாசம் செஞ்சிருவோம்.”

“அப்ப நான் யங் இல்லையா டாக்டர்?”

அவர் சிரித்தார். “ஆபரேஷனுக்குச் சரியான வயசுன்னு வச்சுக்கங்க.”

“தலையில தூக்கலாமா?”

“ஆறு மாசம் போகட்டும். நேரா நடந்து காட்டுங்க. அப்புறம் சொல்றேன். குனிஞ்சு கும்மியடிக்கிறது மட்டும் வேணாம்.”

வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் சவரியப்பன் வந்தார்.

“அடுத்த வருஷம் இடுப்புக் கேஸுக்கு நான் எங்கிட்டுப் போவேன்? சரி, நல்ல சேதிதானே, மூஞ்சி ஏன் இப்புடி இருக்கு?”

“நல்ல சேதிதாண்ணே. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்.”

திருவிழா ஆபரேஷனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. இருட்டறையிலிருந்து ஓடுகள் வெளியே வந்தன. ரஞ்சிதா துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தன் தலையில் வைக்கப் போனவள், நின்றாள்.

“இங்கிட்டு வாங்க அண்ணி. நடக்க வேணாம், சும்மா நில்லுங்க.”

சொர்ணவல்லி சுவரோரம் போய், குட்டைக் காலின் விரல் நுனியை ஊன்றி நிமிர்ந்தார். ரஞ்சிதா ஓட்டைத் தூக்கி அவர் தலையில் வைத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஈர மண் மணத்தது. பயிர் நெற்றியில் உரசியது.

தெருவில் கொட்டுச் சத்தம் கேட்டது. ரஞ்சிதா கையை நீட்டினாள்.

“குடுங்க அண்ணி. கெளம்பிட்டாங்க.”

“கொட்டு அந்த முக்கு திரும்பட்டும்டி” என்றார் சொர்ணவல்லி.