களிமண்ணுக்குப் பொருந்தாத மெஷின்

நம் தாராவி வாசகசாலைப் பலகையில் இன்று நானே எழுதுகிறேன். இந்த வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றேன்; பொறுத்துப் படியுங்கள்.

நான் தோட்டவேலை பார்க்கும் செம்பூர் பங்களாவில் மண் முழுக்கக் களி. போன வருஷம் வாங்கிய மண் கிளறும் கைமெஷின் பல் வளைந்து, என் வேலையே போகப் பார்த்தது. இன்று வேறு வாங்க சயானில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒன்றைக் காட்டினார். "களிமண்ணுக்குன்னே வந்தது, பாட்டையா."

நம் ஊர்ப்பக்கம் செய்த மெஷின்; அதில் கட்டியிருந்த தமிழ்ச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் படிப்பதை நிறுத்தவில்லை. 'மணற்பாங்கான மண்ணுக்கு மட்டும்' என்று இருந்தது.

"சீட்டயெல்லாம் யாரு படிக்கா?"

"நான் படிக்கேன், அண்ணாச்சி. கனமா, நீளப் பல்லு உள்ளத எடும்."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். அதன் சீட்டையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

உங்களையும் இப்படி யாராவது ஏமாற்றப் பார்த்தார்களா? கீழே எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் படித்துவிடுவேன்.