வைக்கோல் இல்லாத ஒரு கிலோமீட்டர்

என் அம்மா பகவதியம்மாள் தை மாதம் இறந்துபோனாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல வராது. இது அவள் பரீட்சை எழுதிய கதை.

நாகர்கோவிலில் ஒரு தனியார் சர்வே அலுவலகத்தில் அம்மா வரைவாளர். சிவில் டிப்ளமா. சாலை வரைபடம், குறுக்குவெட்டு, வளைவின் ஆரம் எல்லாம் அவள் மேசையிலிருந்துதான் போகும். முதலில் டிரேசிங் தாளில் வரைந்தாள், பிறகு கணினியில். அறிக்கையின் முதல் பக்கத்தில் ‘தயாரித்தோர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பொறியாளர்களின் பெயர்தான் வரும். விதி அப்படி. யாரும் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை.

போன ஆனியில் அந்த விதியிலேயே ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு போக்குவரத்து ஆராய்ச்சி மையம் சாலைப் பாதுகாப்புத் தணிக்கை பற்றி ஆன்லைனில் பயிற்சி நடத்துகிறது. டிப்ளமாவும் அனுபவமும் இருந்தால் சேரலாம். தேறினால் தணிக்கைக் குழுவில் உறுப்பினர் ஆகலாம். உறுப்பினரின் பெயர் அறிக்கையில் வரும்.

நான் சென்னையில் பாலங்கள் கட்டும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அன்று காலை தளத்தில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா விடாமல் அழைத்தாள்.

“ஏட்டி லெச்சுமி, எனக்க பேரு வருமாம்.”

“எதுலம்மா?”

“அறிக்கையில! முதல் பக்கத்துல! ஒன் பழைய லேப்டாப்பு இருக்குல்லா, அதுல சத்தம் கேக்குமா?”

முதல் வகுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. இஸ்திரி போட்ட புடவை, பொட்டு, பூ எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். கேமராவை அணைத்து வைக்கலாம் என்று அவளுக்குத் தெரியாது. வகுப்பில் இருந்தவர்களில் முகம் காட்டியது அவளும் ஆசிரியரும் மட்டும். அப்பா பின்னால் துண்டோடு நடந்துபோனதை எல்லோரும் பார்த்தார்கள்.

“எந்தா மேடம், அது தணிக்கைக் குழுவின் அடுத்த உறுப்பினரா?” என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டாராம் ஆசிரியர் அனில்குமார். அம்மாவுக்கு அந்த ஆளை அப்போதே பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் தொலைபேசிப் பேச்சு முழுக்க சாலைதான். நான் சாப்பிட்டேனா என்று அவள் கேட்பது நின்றுபோனது.

“ஏட்டி, எண்பத்தஞ்சாவது சதவீத வேகம்னா என்ன, சொல்லு பாப்போம்.”

“நூறு வண்டியில எண்பத்தஞ்சு வண்டி எந்த வேகத்துக்குள்ள போகுதோ அது.”

“ஒனக்குத் தெரியுமா! தெரிஞ்சுமா சொல்லாம இருந்தே?”

ஏதோ ஊர் ரகசியத்தை நான் மறைத்துவிட்டதுபோலக் கோபித்துக்கொண்டாள். அலுவலகத்துக்குப் பேருந்தில் போகிறபோது ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் இடத்தைப் பிடித்து, வளைவுகளில் எதிர்வண்டி எவ்வளவு தூரத்தில் கண்ணில் படுகிறது என்று பார்ப்பாளாம். நடத்துநர் ஒருநாள், “எக்கா, ஓட்டப் படிக்கியளா?” என்று கேட்டார்.

தேர்ச்சிக்குக் களப்பணி ஒன்று செய்ய வேண்டும். ஏதாவது ஒரு கிலோமீட்டர் சாலையை எடுத்து, வண்டிகளின் வேகத்தை அளந்து, ஆபத்துகளைக் கண்டு எழுதி, எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். அம்மா எங்கள் ஊர்ச் சாலையையே எடுத்தாள். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் வயல், வயல்களுக்கு நடுவில் ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஒரு வளைவு. தார் போட்டு அதிக காலம் ஆகவில்லை.

வேகம் அளக்கும் கருவி அவளிடம் இல்லை. ஐம்பது மீட்டர் இடைவெளியில் சாலையின் குறுக்கே சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டாள். முதல் கோட்டில் அலுவலகத் தோழி ஜெப்சி. வண்டியின் முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் ஜெப்சி ஒரு சிவப்புத் துண்டை வீசுவாள். இரண்டாவது கோட்டில் நிற்கும் அம்மா, துண்டைக் கண்டதும் செல்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, சக்கரம் தன் கோட்டைத் தொடும்போது நிறுத்துவாள். தூரம் தெரியும், நேரம் தெரியும், வேகம் வந்துவிடும். பழைய முறை. சரியான முறை.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு அவள் அதை வகுப்பில் விளக்கினாள். கேட்பதற்கு நானும் இணைப்பில் சேர்ந்திருந்தேன். எண்பத்தைந்தாவது சதவீத வேகம் மணிக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர் என்றாள். இந்தச் சாலையில் வேகப் பிரச்சினை இல்லை என்று முடித்தாள்.

அனில்குமார் அந்த எண்ணைத் திரும்பப் படித்தார்.

“மேடம், வளைவு வரைக்கும் நேரான ரோடு. புது டார். ஹம்ப் ஒண்ணும் இல்லா. ஆனா ஆளுகள் முப்பத்திரண்டில் போகுந்நு. நிங்ஙள் அவர்க்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தீங்களா?”

வகுப்பு சிரித்தது.

“இல்ல சார். எங்க ஊருக்காரங்க பதமா ஓட்டுவாங்க.”

“அப்படி ஒரு ஊர் உண்டெங்கில் ஞான் அங்கே குடி வரும். போட்டோ காட்டுங்கோ.”

படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள். எனக்கு முன்பே அனுப்பியிருந்த படம்தான். சாலை, கால்வாய், பள்ளிக்கூட மதில், தூரத்தில் மலை.

“இடதுபக்கம் மஞ்சளா கிடக்குந்நது எந்தா?”

“வைக்கோல் சார்.”

“அது எவிடே கிடக்குந்நு?”

“ரோட்டுலதான்...”



முதல் போகமான கன்னிப்பூ நெல்லின் அறுப்பு சமயம் அது. எங்கள் ஊரில் அறுப்பு என்றால் சாலையில் வைக்கோல் காயும். சாலையின் பாதி அகலத்துக்கு, வயல் இருக்கும் நீளத்துக்கு. பேருந்து ஒதுங்கிப் போகும், பைக் ஊர்ந்து போகும். ஒரு மாதிரி வேகத்தடை. அதை அவள் எழுதவில்லை. மறைக்கவில்லை. அவள் கண்ணுக்கு அது தெரியவில்லை. மதில் விரிசலை எழுதியிருந்தாள், சாய்ந்த மின்கம்பத்தை எழுதியிருந்தாள், பாதி சாலையை மூடிக்கிடந்த வைக்கோலை மட்டும் விட்டுவிட்டாள். அந்தப் படத்தை நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். நானும் அந்த ஊரில் பிறந்தவள்தான்.

“அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம் தரும்,” என்றார் அனில்குமார். “வைக்கோல் இல்லாம அளந்து காட்டணும். இல்லெங்கில் அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம். ஆளுங்க பார்க்கிற மாதிரி நிற்கவும் வேண்டா. டிரைவர் கண்டால் ஸ்பீடு குறையும்.”

இணைப்பு அறுந்ததும் என்னை அழைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரிப்புத் தாங்காமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“பாத்தியா ஏட்டி! பாத்தியா! வைக்கோலு! என் கண்ணு முன்னால கிடக்கு வைக்கோலு! அந்த மனுசன் அங்க இருந்து கண்டுபிடிச்சுட்டாரு! அதுவும் யாருக்க வைக்கோலுண்ணு நெனைக்கே? ஒங்கப்பாவுக்க வைக்கோலு!”

நான் வியாழக்கிழமை இரவே ரயிலேறினேன். வீட்டுக்குப் போனபோது சண்டை நடந்துகொண்டிருந்தது.

“எனக்க வைக்கோலு ஒனக்க ஸ்பீடை என்ன செஞ்சுதுட்டீ?” அப்பா தாணப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“பாதியாக் கொறச்சுப் போட்டுது. நாளைக்கு ஒருநாள் வாரிப் போடுங்க. போதும்.”

“எங்க போட? ஒன் மண்டையிலயா? களம் இருந்த எடத்துல கல்யாண மண்டபத்தக் கட்டியாச்சு. மிஷின் அறுத்த வயலு சேறாக் கிடக்கு. காயாட்டா மாடு வாயிலயே வைக்காது. பாத்தியா மேகத்த?”

மேகம் கறுத்துத்தான் இருந்தது.

“உங்க ஒருத்தர் வைக்கோலு மட்டும் போதாது,” என்றாள் அம்மா. “எல்லாரும் எடுக்கணும்.”

அப்பா என்னைப் பார்த்தார். “கேட்டியா மக்கா? ஊரு முழுக்க நான் போயி, எனக்க பொண்டாட்டிக்குப் பரீட்சை, வைக்கோல வாருங்கண்ணு சொல்லணுமாம்.”

சாப்பாடு வேண்டாம் என்று வெளியே போனார். அம்மா அந்தச் சிவப்புத் துண்டை மடித்துவைத்தாள். அடுத்த பேட்ச் எப்போது என்று யாருக்கும் தெரியாது. சமையலறையில் வந்து நின்று, “போகட்டும்,” என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயில் நான் அதிகம் கேட்டதில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் சாலைக்குப் போனோம். அப்பா அங்கே இருந்தார். அவருடைய வைக்கோல் முழுவதும் கால்வாய்க் கரைமேல் ஏறியிருந்தது. இப்போது அடுத்த வயல்காரர் முருகதாஸின் வைக்கோலை அள்ளிக்கொண்டிருந்தார். முருகதாஸ் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“தாணப்பண்ணே, நீரு எடுக்கியது எனக்க வைக்கோலு.”

“தெரியும் ஓய். அந்தப் பக்கம் பிடியும்.”

“பரீட்சை எழுதினவங்கதான் கரையேறுவாங்க, அக்கா பரீட்சைக்கு வைக்கோலு கரையேறணுமா?”

“வாய வச்சுக்கிட்டு வேலையப் பாரும். மழை வந்தா நானே உம்ம வீட்டுக்குக் கொண்டுவந்து போடுகேன்.”

முருகதாஸ் பிடித்தார். அவர் பிடித்ததைப் பார்த்து அடுத்தவர் வந்தார். ஒன்பது மணிக்குள் கரை முழுக்க மஞ்சளாகிவிட்டது. சாலை கறுப்பாக, ஈரம்போலப் பளபளத்துக்கொண்டு கிடந்தது. அவ்வளவு அகலமான சாலையா என்று நானே நின்று பார்த்தேன்.

ஆட்கள் கண்ணில் படக் கூடாது என்றதால் அம்மாவும் நானும் இளநீர் விற்பவர்களைப்போலக் குடைக்குக் கீழே உட்கார்ந்தோம். பக்கத்தில் நிஜமாகவே ஒரு குலை இளநீர். துண்டுக்குப் பதிலாக ஜெப்சி தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்வதுபோல் கையைத் தூக்க வேண்டும். ஒரு கார்க்காரர் நிறுத்தி விலை கேட்டார். அந்த வண்டியை அம்மா கணக்கில் சேர்க்கவில்லை. இளநீரைச் சும்மா கொடுத்து அனுப்பிவிட்டாள்.

முதலில் ஒரு பைக். “ஐம்பத்தி ரெண்டு!” அடுத்து ஒரு வேன். ஜெப்சியின் கை உயர்ந்தது, அம்மா விரலை அமுக்கினாள், வேன் போய்விட்டது.

“மூணு செக்கண்டு கூட இல்லட்டீ! அறுபத்தி நாலு! எழுது, எழுது! அறுபத்தி நாலு!” குடை சாய்ந்தது. இளநீர் உருண்டு கால்வாயில் விழுந்தது. ரப்பர் செருப்போடு எழுந்து குதித்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. பிறகு திரும்பிப் பள்ளிக்கூட வாசலைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

“அறுபத்தி நாலு,” என்றாள் மறுபடியும், வேறு குரலில். “பிள்ளைங்க வெளிய வார எடம்.”

மதியம் தாண்டி மழை வந்தது. ஊரே தார்ப்பாயோடு கரைக்கு ஓடியது. அம்மா முருகதாஸின் வைக்கோலுக்குத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தாள், அவள் செல்பேசி நனையாதபடி அப்பா அதை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விளக்கத்தில் இரண்டு அளவீடுகளின் வரைகோடுகளையும் ஒரே படத்தில் காட்டினாள். வைக்கோலோடு முப்பத்திரண்டு, இல்லாமல் ஐம்பத்தெட்டு. முதலில் தான் செய்தது தவறு என்று தொடங்கினாள். வைக்கோல் வேகத்தைக் குறைக்கிறது, அதே வைக்கோலில் பைக் வழுக்குகிறது, எதிர்வண்டிகள் ஒரே பாதிக்குள் வருகின்றன என்றாள். பள்ளி முன்னால் பிள்ளைகள் சாலையைக் கடக்க மேடான கடவை வேண்டும் என்று எழுதினாள். கடைசிப் பரிந்துரை பாடத்தில் இல்லாதது. சாலையோரப் புறம்போக்கில் வைக்கோல் காயப்போட ஒரு சிமெண்டுத் தளம்.

“இது ரோடு வேலையா, மேடம்?” என்றார் அனில்குமார்.

“தளம் இல்லாட்டா ரோடுதான் சார் தளம்.”

அவர் சிரித்தார். பின்னால் கதவருகே நின்ற அப்பா, “அதையும் எழுதிட்டியா?” என்று சத்தமாகக் கேட்டது வகுப்பு முழுக்கக் கேட்டது.

தேறினாள்.

மார்கழியில் முதல் தணிக்கை. அருமனைப் பக்கம் ஒரு மலைச்சாலை. குழுத் தலைவர், இரண்டு பொறியாளர்கள், அம்மா. அம்மாவைத் தவிர மூவருமே அந்தப் பக்கத்துக்காரர்கள். காலையிலேயே அழைத்தாள். காற்றுச் சத்தம், பின்னால் யாரோ பேசும் சத்தம்.

“ஏட்டி, இங்க வைக்கோலு இல்ல. ரப்பர் ஷீட்டு! வளைவுல, வேலிநீளத்துக்குக் காயப்போட்டிருக்கான், துணி காயப்போட்ட மாதிரி. எதிர்ல வண்டி வாரது தெரியவே இல்ல. இவங்க மூணு பேரும் தாண்டிப் போயிட்டாங்க. நான் நில்லுங்கண்ணு சொன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“தலைவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. அந்த ஷீட்டு அவருக்க மச்சானோடது.”

அந்த அறிக்கை வந்தது. முதல் பக்கத்தில், உறுப்பினர் என்ற இடத்தில், தா. பகவதியம்மாள். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து படித்தார். தா. என்றால் தாணப்பன் என்று எனக்கே விளக்கினார்.

தையில் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

மாசியில், இரண்டாம் போகமான கும்பப்பூ அறுப்புக்கு ஊருக்குப் போனேன். நாகர்கோவிலில் இருந்து வாடகைக் காரை நானே ஓட்டினேன். ஊர் எல்லையில் வைக்கோல் தொடங்கியது. இப்போது எனக்கு அது தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், ஒதுங்கினேன். மேடான கடவை இன்னும் வரவில்லை. சிமெண்டுத் தளமும் வரவில்லை. ஆனால் வைக்கோலின் தொடக்கத்தில் ஒரு கம்பு நட்டு, அதில் ஜெப்சியின் சிவப்புத் துண்டு கட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் சாலை வெறுமையாக, கறுப்பாகக் கிடந்தது. அந்த இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பால் இரண்டு கோடு, புதிதாகப் போட்டது.

இரண்டாவது கோட்டருகே குடைக்குக் கீழே அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் அம்மாவின் செல்பேசி. நிறுத்தி இறங்கினேன்.

“நீ எத்தனையில வந்தேண்ணு தெரியுமா மக்கா?” என்றார், விரல் இன்னும் திரைமேல் இருக்க.