ஏழு மணி முதல் ஏழேகால் வரை

அப்பா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. அவர் தையல் மெஷினுக்குத் திரும்பி வந்த கதையை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் அவர் மெக்கானிக். நூற்று நாற்பது மெஷின்கள், அவற்றின் முன்னால் நூற்று நாற்பது பெண்கள். எல்லோருக்கும் அவர் ‘எண்ணெய் அண்ணன்’. யார் என்ன கோளாறு சொன்னாலும் முதலில் எண்ணெய்க் குப்பியைத்தான் கையில் எடுப்பார். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். மீதி நேரம் யோசிப்பதற்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

வெட்டும் பிரிவில் மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கேட்டு வாங்கி வருவார். அவற்றை ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து மேல்துணி ஆக்குவார். அடியில் பழைய படுக்கை விரிப்பு, நடுவில் பஞ்சு, மூன்றையும் சேர்த்து ஒரு தையல். போர்வை தயார். இப்படிப் பத்தொன்பது தைத்து, பத்தொன்பதையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. ஆனால் எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்று முடிவு செய்வது அவள்தான். கட்டில் முழுக்கப் பரப்புவாள், நகர்த்துவாள், கதவோரம் போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். திருப்தியானதும் ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதிய காகிதத்தைக் குண்டூசியால் குத்துவாள். அந்த எண் வரிசையில் அப்பா தைப்பார்.

“முதலாளி அம்மா சொன்னா சரி. நான் வெறும் கூலி” என்பார்.

அவர்களுக்குள் அது ஒரு விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இருபதாவது போர்வை அவர்கள் இருவருக்குமானது. “ஊருக்கெல்லாம் போத்திவிட்டாச்சு. நமக்கு ஒண்ணு தைங்க” என்று அம்மா சொல்லியிருந்தாள். ஐந்து வரிசை முடிந்திருந்தது. மீதி நூற்றறுபது துண்டுகள் கட்டிலில் எண்களோடு கிடந்தபோது அவள் இறந்தாள்.

அன்று வீடு நிறைய ஆட்கள். உட்கார இடம் வேண்டும். நான் கட்டிலைக் காலி செய்தேன். யார் காலிலாவது குத்திவிடும் என்று குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவினேன். காகிதங்களைக் குப்பையில் போட்டேன். துண்டுகளை இருபது இருபதாக எண்ணி, ரப்பர் போட்டு, பெட்டியில் அடுக்கினேன். நான் லிஃப்ட் பராமரிப்பு இன்ஜினியர். அடுக்குவது என் கை தானாகச் செய்கிற காரியம். அப்பா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் மெஷின் உறையைக் கழற்றவே இல்லை. நான் வேலை பார்ப்பது வேறு ஊரில். அடுத்த தெருவில் இருக்கும் சித்தி, அம்மாவின் தங்கை, தினமும் எட்டிப் பார்த்து எனக்குத் தகவல் சொல்வாள்.

“சாப்பிடுறாரு, தூங்குறாரு, டிவி முன்னாடி உக்காந்திருக்காரு. டிவி ஓடுதா நிக்குதான்னு அவருக்கே தெரியல. இன்னிக்கு நான்தான் போய் ஆன் பண்ணிட்டு வந்தேன்.”

ஏன் தைப்பதில்லை என்று அப்பாவிடம் கேட்டால் ஒரே பதில்: “தோணலம்மா.”

நான் ஒரு திட்டம் போட்டேன். தினம் இரண்டு மணி நேரம், ஆறு வாரம், வாரத்துக்கு இத்தனை துண்டுகள், மூன்று பக்க அட்டவணை. “நல்லா பண்ணியிருக்கே” என்று வாங்கிக்கொண்டார். அடுத்த முறை போனபோது மூன்று பக்கமும் அலமாரித் தட்டில், எண்ணெய்க் குப்பிக்கு அடியில் விரித்திருந்தது.

அப்போதுதான் எனக்கு என் வேலை ஞாபகத்துக்கு வந்தது.

“அப்பா, ரொம்ப நாள் நின்னுபோன லிஃப்டை முதல் நாளே ஆள் ஏத்தி ஓட்ட மாட்டோம். காலியா, ரெண்டு மாடி மட்டும் மேல கீழ விடுவோம். தினம் கால் மணி நேரம் போதும். ஏழு மணிக்கு உக்காருங்க. ஏழேகாலுக்கு எந்திரிச்சிடணும். ஆசையா இருந்தாலும் எந்திரிச்சிடணும்.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. இது புரியுது” என்றார்.

மறுநாள் காலை உறையைக் கழற்றினார். ஏழேகாலுக்கு நான் போன் செய்தேன்.

“என்னப்பா தைச்சீங்க?”

“தைக்கல. எண்ணெய் விட்டேன்.”

இரண்டாம் நாள் பெல்ட் மாற்றினார். மூன்றாம் நாள் துணியை நகர்த்தும் பல்லுக்கிடையே இருந்த பஞ்சை எடுத்தார். நான்காம் நாள் மறுபடி எண்ணெய். பதினொரு நாள் இப்படியே போனது.

“அத்தான், அந்த மெஷினுக்கு இனி பேச்சு ஒண்ணுதான் வரல. இன்னும் ரெண்டு சொட்டு விடுங்க, அதுவும் வந்துடும்” என்றாள் சித்தி.

பன்னிரண்டாம் நாள் அவர் தைத்தார். நாலு துண்டு. மறுநாள் மூன்று. அவர் குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. ஒரு வாரம் கழித்து விடுமுறைக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசை.

ஏழு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். மறுபடி வைத்தார். அந்த நேரம் பார்த்துச் சித்தி வந்து, அதுவரை தைத்திருந்த வரிசையைத் தூக்கி விரித்தாள். செங்கல் சிவப்புக்குப் பக்கத்தில் இலைப்பச்சை. அதற்குப் பக்கத்தில் மறுபடி சிவப்பு. மறுபடி பச்சை.

“என்ன அத்தான், போர்வை தைக்கிறீங்களா, சிக்னல் போடுறீங்களா?”

நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. வரிசையை அவள் கையிலிருந்து வாங்கி, தையலைப் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு பால் அடுப்பில் இருக்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

“எனக்கு அது ரெண்டும் ஒண்ணுதாம்மா” என்றார், பிரித்துக்கொண்டே.

“எது ரெண்டும்?”

“சிவப்பும் பச்சையும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்.”

“ஃபாக்டரில எப்படிச் சமாளிச்சீங்க?”

“மெஷினுக்கு ஏது கலர். நூல்கண்டுல நம்பர் போட்டிருப்பான். பாத்து எடுத்துக்குவேன்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“அவளுக்கு மட்டும்தான் தெரியும். வெளியில தெரிஞ்சா வேலைக்கு ஆபத்துன்னு அவளாத்தான் நம்பர் குத்திக் குடுக்க ஆரம்பிச்சா.”

நாற்பது வருடம் அந்த வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்கிறேன். ஒரு நாள்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. பிறகு அந்தக் காகிதங்கள் நினைவுக்கு வந்தன.

“அப்பா, அந்த நம்பரையெல்லாம் நான்தான்...”

“தெரியும்.”

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“நீ அழுதுகிட்டே எண்ணி எண்ணி அடுக்கிட்டிருந்தே. அப்போ வந்து என்னத்தச் சொல்றது.”

எட்டு மாதம் அவருக்குத் ‘தோணாமல்’ போனதன் காரணம் ஒரு ரப்பர் போட்ட அடுக்கு.

அடுத்த வாரத்திலிருந்து ஏழேகால் போன் ஏழு மணி வீடியோ அழைப்பாக மாறியது. அவர் துண்டைத் தூக்கிக் காட்டுவார். நான் நிறம் சொல்ல வேண்டும்.

“பச்சை.”

“என்ன பச்சை?”

“பச்சைன்னா பச்சைதான்ப்பா.”

“உங்கம்மா பச்சையில மட்டும் பத்து சொல்லுவா. கிளிப்பச்சைங்கிறா, பாசிப்பச்சைங்கிறா, உடம்பு சரியில்லாத பச்சைங்கிறா. நீ படிச்ச புள்ள, ஒரே ஒரு பச்சையோட நிக்கிறே.”

மெல்லக் கற்றுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த பொருளை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. “இது துருப்பிடிச்ச போல்ட்டுப்பா.” “இது புது கிரீஸ்.” “இது மூணு மாசம் ஓடின கிரீஸ்.”

“ஆங், இப்ப சொல்றே பாரு. போல்ட்டையும் கிரீஸையும் பக்கத்துல வெச்சா நல்லாருக்குமா?”

“வேணாம்ப்பா. நடுவுல ஒரு சாம்பல் வைங்க.”

அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். ஏழேகாலுக்கு வைத்த அலாரம் அடித்ததும் தையல் பாதியில் இருந்தாலும் அப்படியே எழுந்துவிடுவார். ஊசி துணியில் இறங்கினபடியே நிற்கும். ஊசியைத் தூக்காமல் வீட்டுக்குப் போன பெண்களைத் தொழிற்சாலையில் அவர் பேசிய பேச்சு எனக்குத் தெரியும்.

“எண்ணெய் அண்ணன் பாத்தா தோலை உரிச்சிடுவாரு” என்றேன்.

“அவரு ரிட்டயர் ஆயிட்டாரு. முடிச்சுட்டு எந்திரிச்சா மறுநாள் எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு உக்காந்து யோசிக்கணும். யோசிச்சா உங்கம்மா ஞாபகம் வரும். பாதில விட்டா யோசனையே இல்ல. மிதிச்சா போதும், ஓடும்.”

ஐந்து மாதத்தில் இருபதாவது போர்வை முடிந்தது. அம்மா வைத்திருந்த வரிசை அது அல்ல. அது எங்கேயோ குப்பையோடு போய்விட்டது. மேல் ஐந்து வரிசை அவள் கணக்கு, அதற்குக் கீழே என் கணக்கு. மாறும் இடம் பார்த்தாலே தெரியும். அப்பா அதைக் கட்டிலில் விரித்து நாலு மூலையும் இழுத்துவிட்டார். இனி நிறுத்திவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு அழைத்தேன். மெஷின் சத்தம் கேட்டது.

“கலர் கேக்கலையாப்பா?”

“இது எனக்கு. நானே பாத்துக்கிறேன். நீ வேலைக்குக் கிளம்பு.”

அதற்குப் பிறகு அழைத்தால் ஊர்க்கதை பேசுவார், துணியைக் காட்ட மாட்டார். நாலு மாதம் கழித்துப் போனபோது இருபத்தொன்றாவது போர்வை கொடியில் தொங்கியது. சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் கைகலப்பில் இறங்கியதுபோல் இருந்தது.

“இதைப் போத்திக்கிட்டா தூக்கம் வராது அத்தான், தலைவலிதான் வரும்” என்றாள் சித்தி. அவளுக்கு இப்போது விஷயம் தெரியும். தெரிந்தும் சொன்னாள், அதுதான் அப்பாவுக்குப் பிடித்திருந்தது.

நான் போனில் ஒரு படம் எடுத்தேன். ஏதோ தோன்றி, படத்தின் நிறத்தையெல்லாம் நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கினேன். இடது மூலையில் அடர்ந்த கறுப்பு. அங்கிருந்து படிப்படியாக, ஒரு சதுரம்கூடத் தவறாமல், வலது மூலையின் வெளுப்புவரை ஏறிக்கொண்டே போனது. என் கருவிகளில்கூட அத்தனை சீரான ஏற்றத்தை நான் கண்டதில்லை. சித்தியிடம் காட்டினேன். போனை வாங்கி, போர்வையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா இதைப் பாக்காமப் போயிட்டாளே” என்றாள்.

அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“இதுல என்ன அதிசயம்? நான் இப்படித்தானே வெச்சேன்.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததற்கான துண்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்தார்.

“கொஞ்சம் நகரும்மா. வெளிச்சத்தை மறைக்கிறே.”