ஒதெத்துக்குச் சொல்லித்தராத பேச்சு

காரைக்காலில் பிரெஞ்சு தெரிந்த காக்காய்கூட சகாயம்மாளிடம் படித்ததுதான் என்று எதிர் வீட்டுக்காரி நான் சொல்வதுண்டு. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். காக்காய் படிக்க வரவில்லை, சன்னலில் உட்கார்ந்து கேட்டதோடு சரி. ஆனால் எழுபதுகளில் தலத்தெருவில் பிரான்சுக்குப் போகக் காத்திருந்த பிள்ளைகள் எல்லாம் அவள் வீட்டுக் கூடத்துப் பாயில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். அதில் பொய் இல்லை.

அவள் பாடம் நடத்துகிற விதமே தனி. தமிழ் இலக்கணத்தில் பகுதி, விகுதி என்று சொல்லைப் பிரிப்போமே, அந்தக் கத்தியை எடுத்துப் பிரெஞ்சை நறுக்குவாள். "ஃபேர்னா செய். முன்னாடி 'தெ' வந்து ஒட்டிக்கிட்டா தெஃபேர், செஞ்சதைக் கலைச்சுடு. 'ரெ' வந்து ஒட்டிக்கிட்டா ரெஃபேர், திரும்பச் செய்." இதற்கு அவளுக்குக் கரும்பலகை வேண்டாம். வளர்ப்புப் பிள்ளை ஒதெத்தை முன்னால் உட்காரவைத்துப் பின்னலைப் போடுவாள், அவிழ்ப்பாள், மறுபடி போடுவாள். "சித்தி, போதும், தலை வலிக்குது" என்று அது கத்தும்வரை பாடம் நடக்கும். பாயில் இருக்கிற பிள்ளைகள் சிரித்துச் சாய்வார்கள்.

ஒதெத் அவளுடைய அக்காள் மகள். அக்காள் பிரசவத்திலேயே போய்விட்டாள். அக்காள் புருஷன் பிரான்சுவா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. கைக்குழந்தையை மச்சினியின் மடியில் போட்டுவிட்டு, "பெரிசானதும் அழைச்சுக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கப்பலேறினார். அந்த வார்த்தை சகாயம்மாளின் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. பிள்ளை பிரெஞ்சுக் குடி, சித்தி இந்தியக் குடி. ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறினபோது பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக்கொடுக்க சகாயம்மாளின் அப்பா நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே கெடுவைத் தாண்டவிட்டார். பிள்ளை போனால் பின்னாலேயே போக இவளுக்கு வழியில்லை. வந்த வரன்களையெல்லாம் "பிள்ளையோடதான் வருவேன்" என்று சொல்லியே விரட்டியவள் வேறு.

அதனால் ஒரு காரியம் செய்தாள். மற்ற பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்ல, ரொட்டி கேட்க, வழி விசாரிக்க எல்லாம் வாயில் பழக்கினாள். ஒதெத்துக்கு மட்டும் பேச்சே கிடையாது. வேர்ச்சொல், முன்னொட்டு, பின்னொட்டு, அவ்வளவுதான். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் மீன் ஆய்கிற மாதிரி முள் வேறு சதை வேறாகப் பிரித்துவிடும். ஒரு வாய்த் தண்ணீர் கேட்கத் தெரியாது.

பக்கத்து வீட்டு ஷரீபுன்னிசா ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏங்க்கா, ஊருப் புள்ளைங்கள்லாம் கடகடன்னு பேசுதுங்க. நம்ம புள்ள மட்டும் ஏன் வார்த்தைய வெட்டிக்கிட்டே ஒக்காந்திருக்கு?"

"பேசத் தெரிஞ்சா கூட்டிக்கிட்டுப் போயிடுவாருடி."



எழுபத்தெட்டு மே மாதம் பிரான்சுவா லீவில் வந்தார். லீவில் வருகிற சொல்தாக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, சாப்பாடும் ஆனதும், சொந்தக்காரப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பிரெஞ்சில் கேள்வி கேட்பார்கள். பதில் சொன்னால் சாக்லேட். முழித்தால் வளர்த்தவர்களுக்கு ஏச்சு.

கூடம் நிறையச் சனம். "ராத்திரி நல்லாத் தூங்கினியா?" என்று பிரெஞ்சில் மகளைக் கேட்டார். அடுப்படி வாசலில் மோர்ச் சொம்போடு நின்ற சகாயம்மாள், 'முழிக்கட்டும் மாதாவே, முழிக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டாள்.

ஒதெத் முழிக்கவில்லை. பிரித்தாள். "தொர்மீர்னா தூங்கறது. அதுலேர்ந்து தொர்மேர், தூங்குறவர். தொர்த்துவார், வரிசையாக் கட்டில் போட்டுப் பிள்ளைங்க தூங்குற பெரிய கூடம்." தமிழில் ஒப்பித்து முடித்துச் சித்தியைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள்.

கூடமே சிரித்தது. "என்னடா பிரான்சுவா, தூங்கினியான்னா உன் பொண்ணு கட்டிலுக்குப் போயிடுச்சு!" என்றார் ஒரு பெரியப்பா.

பிரான்சுவா சிரிக்கவில்லை. "இப்படியே அங்க கூட்டிக்கிட்டுப் போனா பள்ளிக்கூடத்துல கேலி பண்ணிக் கொன்னுடுவாங்க" என்றார்.

சகாயம்மாளுக்கு மூச்சு வந்தது. பாதி வருவதற்குள் அவர் முடித்துவிட்டார்: "தொர்த்துவார்னு அதுவே வழி சொல்லுது பாருங்க. புதுச்சேரியில கன்னியாஸ்திரிங்க விடுதியில சேர்த்துடறேன். ராவும் பகலும் பிரெஞ்சுலதான் பேசணும். வாய் திறந்துக்கும். அப்புறம் அழைச்சுக்கறேன்."

"மச்சான், நான் பேச வைக்கறேன். ஆறு மாசம் குடுங்க."

"பன்னெண்டு வருசம் குடுத்தேனே, சகாயம்."

வேண்டுமென்றுதான் சொல்லித்தரவில்லை என்று ஒத்துக்கொண்டாலும் பிள்ளை போய்விடும். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் போய்விடும். மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

பள்ளி திறக்க இருந்த கொஞ்ச நாளில் அவள் ஒதெத்துக்குப் பேச்சு சொல்லித்தந்தாள். தண்ணீர் வேணும். வயிறு வலிக்குது. விளக்கை அணைக்காதீங்க, பயமா இருக்கு. இந்த மூன்றும் வாயில் படிந்தால் போதும் என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். பின்னலும் பிரிப்பும் நின்றுபோயின.

ஒதெத் விடுதியிலிருந்து நேரே பிரான்சு போனாள். முதலில் கிறிஸ்துமசுக்கு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. சகாயம்மாள் எண்பத்தாறு வரை வகுப்பு நடத்தினாள். ஃபேர், தெஃபேர், ரெஃபேர் எல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தாள். கடைசி மாணவனுக்கும் விசா வந்ததும் பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள். அதற்கடுத்த மழைக்காலத்தில் அவளை அடக்கம் பண்ணினோம். ஒதெத் வரவில்லை.

பிள்ளை ஊரைவிட்டுப் போன அந்த நாளை மட்டும் நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன். புதுச்சேரி பஸ் கிளம்பிவிட்டது. சகாயம்மாள் சன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் பிள்ளைக்குப் பின்னல் போட்டுக்கொண்டே கூட ஓடினாள். ரிப்பனை முடிந்துவிட்டுக் கையை எடுத்தபோது பஸ் தரங்கம்பாடியைத் தாண்டியிருந்தது.

இதை நான் வாசித்துக் காட்டினபோது ஷரீபுன்னிசா இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா இப்படிப் பொய் எழுதுறீங்க? சகாயம் அக்கா பஸ் ஸ்டாண்டுக்கே வரலியே. உள்ளுக்குள்ள தாப்பாப் போட்டுக்கிட்டாங்க. 'சித்தி, தலை பின்னிவிடுங்க சித்தி'ன்னு புள்ள கதவத் தட்டிக்கிட்டே நின்னுச்சு. தொறக்கவேயில்ல. நாந்தான் தெருவுல நிக்கவெச்சுப் பின்னிவிட்டேன்."