செல்லம் துரைக்குக் கொடுத்த பாட்டு

மலாயாவில், லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒப்பாரி என்றால் செல்லம்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பால்வெட்டை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள். செத்தவர் பெயர், பிறந்த ஊர், பெற்ற பிள்ளைகள், செய்த நல்லது கெட்டது எல்லாம் அவள் பாட்டில் வரிசை தவறாமல் வந்துவிடும். ஒருவருக்குப் பாடியதை இன்னொருவருக்குப் பாடியதில்லை. அண்ணன் லெட்சுமணனுக்கு அதில் தனிக் கர்வம்.

அவள் பாடியதில் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தையே உலுக்கியது, காய்ச்சலில் போன தன் கைக்குழந்தைக்குப் பாடியது. ரயில் பாதை ஓரம் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவள், அந்தப் பாட்டை மறுபடி முணுமுணுக்கக்கூட இல்லை.

முப்பத்தொன்றாம் வருஷம், ரப்பர் விலை படுத்துக் கிடந்த சமயம், சிங்கப்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். இந்த நாட்டில் யார் யார் என்ன பாஷை பேசுகிறார்கள், என்ன பழக்கம் வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ச்சியாம். மலாய் நன்றாகப் பேசுவார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. தெரியாத பாஷைக்கு வரலாறு எழுத அவருக்குக் கூச்சமும் கிடையாது. வந்த அன்றே ஒரு கிழவரின் மண்டையை நாடாவால் அளந்தார். பூட்ஸ் காலோடு கோயிலுக்குள் போய் அங்கே நட்டிருந்த வேலைத் தடவிப் பார்த்தார்.

மொழிபெயர்க்க, ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்து வேலை வாங்கும் கங்காணி சின்னத்தம்பி. அவருடைய மலாய், சீனன் கடையில் கருவாடு வாங்கப் போதும். துரை எதைக் கேட்டாலும் "சாமி சமாச்சாரம்" என்று முடித்துவிடுவார். துரை அதையும் பக்தியோடு எழுதிக்கொண்டார்.

பிறகு துரைக்கு ஒப்பாரி கேட்கும் ஆசை வந்தது. குழந்தைக்குப் பாடியதே வேண்டுமாம். அந்த ஆசையை ஏற்றிவிட்டது கங்காணிதான்.

"வீட்டுல பொணமா கெடக்குது, பாடுறதுக்கு?" என்றாள் செல்லம்.

"நாலு வரி பாடு லா. தொரை என்ன ஒன் சொத்தையா கேட்டாரு?"

"எம்புள்ள பாட்டு எம்புள்ளையோட போச்சுங்க."

கங்காணி குரலைத் தாழ்த்தினார். "வேலையில்லேன்னு நாகப்பட்டினம் கப்பலுக்கு ஆள் திருப்பி அனுப்புறாங்க, தெரியுமில்ல? ஒன்னையும் ஒங்கண்ணனையும் ஏத்திவிடட்டுமா?"

பிள்ளையை இங்கே மண்ணில் விட்டுவிட்டு அவள் போகமாட்டாள் என்று தெரிந்தே சொன்னார். லெட்சுமணன் பல்லைக் கடித்தான்.

"சும்மா இருண்ணே. பாடிட்டு வரேன்," என்றாள் செல்லம்.

சாயங்காலம் லயத்து வாசலில் துரைக்கு நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் கங்காணி, வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாய். எல்லோரும் கூடிவிட்டார்கள். செல்லம் கூந்தலை அவிழ்த்துப் போட்டாள். மாரில் ஓங்கி அடித்துக்கொண்டு பாட்டை எடுத்தாள்.

"தங்கக் குடை புடிச்சு
தலைப்பா கட்டி வந்த
சின்னத்தம்பி மகராசா
சீமை விட்டுப் போனீரே!
கப்பலுக்கு ஆள் புடிச்சுக்
காசு கண்ட கங்காணி
எமனோட கப்பலுல
ஏறித்தான் போனீரே!"

உயிரோடு நிற்கிறவருக்கு ஒப்பாரி! செல்லம் நிறுத்தவில்லை. ஊரிலிருக்கும் பெண்டாட்டியைக் கூப்பிட்டுத் தாலியறுத்து அழச் சொன்னாள். லாபிஸில் அவர் வைத்திருந்தவளையும் மறக்காமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கங்காணியின் கோட்டு வேர்வையில் முதுகோடு ஒட்டியது. "ஏய்" என்று அவர் வாயெடுத்தபோது துரை கையைக் காட்டி அடக்கினார். துரையின் கண்ணில் தண்ணீர்.

பாட்டு முடிந்தது. கங்காணியைக் 'கங்காணி' என்றே கூப்பிட்டுப் பழகிய துரை, திரும்பத் திரும்ப வந்த பெயரை மட்டும் பிடித்து வைத்திருந்தார். "சின்னத்தம்பி சியாப்பா?" என்று கேட்டார். அது யார் என்று கேட்கிறார் என்பது புரியாத ஆள் லயத்தில் இல்லை. பெண்கள் எல்லோரும் ஒன்றுபோலக் கங்காணியை நோக்கிக் கையை நீட்டினார்கள்.

கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சாயா, துவான்." நான்தான் ஐயா.

சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. துரை மட்டும் சிரிக்கவில்லை; தன் பெயரை வைத்த பிள்ளையைப் பறிகொடுத்த அப்பன் இவர்தான் என்று நினைத்துக் கங்காணியின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்.

மறுநாள் கங்காணி மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டுத் தோஷம் கழித்துக்கொண்டார். தலையில் சந்தனத்தோடு செல்லத்தின் வீட்டு முன்னால் வந்து நின்று, "ஒன்னை அடுத்த கப்பல்லயே ஏத்துறேன் பாரு," என்று கத்தினார்.

செல்லம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"ஏத்துங்க. ரயிலடி வரைக்கும் ஒங்க பாட்டையே பாடிக்கிட்டுப் போறேன்."

கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. செல்லத்தைக் கடைசிவரை யாரும் ஏற்றவில்லை.