மாமி ஓடாத ஞாயிற்றுக்கிழமை

நான் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டு வீடியோவை இன்றைக்கும் என்னால் கோபப்படாமல் பார்க்க முடிவதில்லை. டொரொண்டோவில் எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக் கூரையை வானத்திலிருந்து காட்டித்தான் அது தொடங்கும். பிறகு பின்வளவில் நான் பலகையில் குந்தியிருப்பேன். மாமாவும் மாமியும் சோடியாக நின்று என் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்ப்பார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் மாமி எவ்வளவு வடிவாகச் சிரிக்கிறார் என்பார்கள். அவர் அன்றைக்கு ஒட்டாவாவில் நின்றிருக்க வேண்டியவர் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை ஒரு விஷயமாக எடுக்கவில்லை.

மாமி என்றால் அம்மாவின் தம்பியின் மனைவி. மரதன் ஓடுபவர். உடம்பு குறைக்க ஓடுகிற ஆள் அல்ல. இந்த மாகாணத்தில் அவரை முந்தி ஓடிய பெண்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். எங்கள் சனத்துக்கு அது ஏறவில்லை. வீடு விற்கும் தரகர் ஒருவருக்கு எங்கோ ஒரு கேடயம் கிடைத்தால் தமிழ்ப் பேப்பரில் முழுப்பக்கத்துக்கு வாழ்த்துப் போடுகிறவர்கள், மாமியைக் கண்டால் வெயிலுக்குள் ஓடிக் கறுத்துப்போனாய் என்பார்கள். உன்னை ஆர் பிள்ளை துரத்துறது என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரிப்பார்கள். கலியாணமாகி இத்தனை வருசமாகியும் ஒரு புழு பூச்சி இல்லை, உந்த ஓட்டத்தால்தான் என்று சமையலறையில் முடிவு கட்டுவார்கள். அதுவும் மாமியின் காதில் விழும்படிதான்.

நான் பெரியபிள்ளையானது தை மாதத்துப் பனிக்குள். அந்தக் குளிருக்குள் மண்டபமும் சரிவராது, லண்டனிலிருந்து சனமும் வராது என்று சடங்கை வைகாசிக்குத் தள்ளிவைத்தார்கள். இந்த ஊரில் அது வழக்கம்தான். இயற்கை ஒரு திகதியில் வரும், சடங்கு மண்டபம் கிடைக்கிற திகதியில் வரும். யாரும் அதில் குற்றம் காண்பதில்லை.

அதே பனிக்காலம் முழுக்க மாமி ஓடிக்கொண்டிருந்தார். வைகாசியில் ஒட்டாவாவில் நடக்கிற மரதனில் முன்னுக்கு வருகிறவர்களைத்தான் தேசிய அணிக்கு எடுப்பார்கள். சனிக்கிழமைகளில் பூங்காப் பாதையில் அவர் ஓட, நான் பக்கத்தில் சைக்கிளில் தண்ணீர்ப் போத்தலோடு போவேன். சைக்கிள் சங்கிலி கழன்றால்கூட நிற்கமாட்டார். தன் ஓட்டத்தை முடித்துத் திரும்பி வரும்போதுதான் பூட்டித் தருவார். அதுவரை நான் குளிரில் விறைத்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அதில் பெருமைதான். வயது முப்பத்தைந்தை எட்டுகிறது, இனி இப்படி ஒரு தரம் உடம்பு ஒத்துழைக்காது என்று ஒருநாள் சொன்னார். அவர் கால்களைப் பார்த்தேன். அவை நன்றாகத்தான் இருந்தன.

பங்குனியில் அம்மா திகதி வைத்தார். ஓட்டம் நடக்கிற அதே ஞாயிற்றுக்கிழமை.

மாமி அன்று பின்னேரமே மாமாவோடு வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "ஒரு கிழமை தள்ளி வைக்கேலாதோ, மச்சாள்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிறும் மண்டபம் இருக்கிறது என்று அப்பாவே சொன்னார். லண்டன்காரரும் அதுவரை நிற்பார்கள். ஆனால் வீடியோக்காரர் அந்த ஞாயிறு மட்டும்தான் வருவாராம். அவர்தான் டொரொண்டோவிலேயே திறமான ஆளாம். பெரியம்மா வீட்டில் அவர்தான் எடுத்தாராம்; எங்கள் வீட்டில் வேறு யாரும் எடுத்தால் சனம் என்ன சொல்லும்?

அப்படியென்றால் விடியக் காலை ஓடிவிட்டு நேரே காரில் வருகிறேன், மூன்று மணிக்கு முன் வீட்டில் நிற்பேன் என்றார் மாமி. ஐயர் தந்த நல்ல நேரம் காலை பத்துக்குள் முடிகிறது என்றார் அம்மா. மாமன் தனியே வார்க்கக் கூடாது, சோடியாகத்தான் வார்க்க வேண்டும். இருப்பதும் ஒரேயொரு மாமன்.

"ஓட்டம் எப்பவும் இருக்கும். பிள்ளை ஒருக்காத்தான் பெரிசாவாள்" என்றார் அம்மா.

நான் உள்ளே வந்து, எனக்கு அடுத்த கிழமை செய்தாலும் பரவாயில்லை என்றேன். உனக்கு உது விளங்காது, போய்ப் படி என்றார் அம்மா. என் சடங்கில் என் சொல்லுக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மிசிசாகாவில் வேலையிடத்தில் இருபது பேரை மேய்க்கிற மனிதர், கார்ச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்கா சொன்னால் சரி என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மாமி எழும்பி, எல்லாருடைய தேத்தண்ணிக் கோப்பைகளையும் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு காலை, நல்ல நேரத்துக்குள், மாமாவும் மாமியும் சோடியாக எனக்குத் தண்ணீர் வார்த்தார்கள். வீடியோக்காரர் வரவில்லை. முதல்நாள் வேறொரு வீட்டில் பிந்திவிட்டதாம். அப்பா போன் அடித்துக் களைத்துப்போனார். அவர் வந்து சேர்ந்தபோது நான் தலை காய்ந்து, சீலை கட்டி, பாதி நகையும் போட்டிருந்தேன்.

அவர் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, தண்ணி வார்ப்பு இல்லாமல் வீடியோ நிறையாது, இன்னொருக்கால் செய்வோம் என்றார். நல்ல நேரம் முடிந்துவிட்டதே என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த நேரத்துக்காகத்தானே ஒரு மனுசியை ஒட்டாவாவுக்குப் போகவிடாமல் மறித்தீர்கள் என்றும் ஒருவரும் கேட்கவில்லை. நகையைக் கழற்றி, பழைய உடுப்பை மாட்டி, என்னைத் திரும்பப் பலகையில் இருத்தினார்கள். அப்போது சமையலறை மணிக்கூட்டில் மூன்று தாண்டியிருந்தது. மாமி ஓடிவிட்டே வந்திருக்கலாம். பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வந்து வார்த்திருக்கலாம். சிரிக்கச் சொல்லி வீடியோக்காரர் கேட்டார். மாமி சிரித்தார்.

அதன் பிறகு மாமி தேசிய அணிக்குப் போகவே இல்லை. புரட்டாதியில் வேறொரு ஊரில் ஓடிப் பார்த்தார். பாதத்து எலும்பு வெடித்தது. அது பொருந்துவதற்குள் அணியும் போட்டிக்குப் போய்வந்துவிட்டது, அவருடைய பயிற்சியாளரும் இளம்பிள்ளைகளோடு போய்விட்டார். இப்போது யூனியன்வில்லில் ஒரு வங்கிக் கிளையைப் பார்க்கிறார். எங்கள் சனம் இப்போது அவரை நல்ல பிள்ளை என்கிறது. கேட்டால் எனக்குப் பற்றி எரியும்.

அன்றைக்கு இரண்டாம் முறை வார்த்து முடிந்ததும், மாமிதான் என்னை அறைக்குள் கூட்டிப்போய்த் துவாயால் தலை துவட்டினார். வெளியே வீடியோக்காரருக்குச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஓட்டத்தில் யார் வென்றது என்று கேட்டேன். ஒரு பெயரைச் சொன்னார். எனக்குத் தெரிந்த பெயர்தான்.

"அவவை நீங்கள் போன வருசம் வெண்டனீங்கள் எல்லே?"

"தலையைக் குனி. காதுக்குள்ள தண்ணி போயிடும்."

குனிந்தேன். துவாயை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். தலைத்தோல் எரிந்தது. நோகுது மாமி என்றேன், அவருக்குக் கேட்கவில்லை. பின்கழுத்தில் சொட்டுச் சொட்டாக வெதுவெதுப்பாக ஏதோ விழுந்தது. தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிகிறது, வடிவாகத் துவட்டவில்லை என்று நினைத்தேன். பாவம் மாமி, பிள்ளை வளர்க்காதவர், அதுதான் துவட்டத் தெரியவில்லை என்றும் நினைத்தேன்.